இடைச்செருகலா, உரையா? – பழைய இராணுவ லாரிகளின் பின்சேர்க்கைப் பாகங்களை முன்வைத்து

பழைய இராணுவ லாரி ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருக்க விரும்புவோருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. 1942-இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது வண்டியில் இருந்த பாகத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, வண்டி இன்னும் நன்றாக ஓடட்டும் என்று ஒருவர் சேர்த்த பாகம் பழுதானால்தான் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது. மூலப் பாகம் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அதற்கு இராணுவத்தின் எண் உண்டு, கையேட்டில் படம் உண்டு. பின்சேர்க்கைப் பாகமோ சில நூறு செய்யப்பட்டிருக்கும்; சில வேளைகளில் ஒரே ஒரு பட்டறையில் ஒரே ஒரு முறை. அதற்கு எண்ணும் இல்லை, படமும் இல்லை, வாரிசும் இல்லை.

இது இயந்திரப் பித்தர்களின் தனிக் கவலை, இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பழையதில் எதைக் காப்பது, எதைக் களைவது என்ற கேள்வி நம்முடையதும்தான் என்பது எமது துணிபு. அதற்கான விடையின் ஒரு பகுதி செஞ்சிக் கோட்டையில் கல்லாகவே நிற்கிறது. அங்கே போகுமுன் லாரிகளைப் பற்றிச் சிறிது பேசிவிடுவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது கனடா எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்து நேச நாடுகளுக்கு அனுப்பியது. அவற்றில் பெரும் பங்கு, ஃபோர்டும் செவர்லேயும் பிரித்தானியப் படையின் தேவைக்கேற்பப் பொது வடிவில் செய்த மொட்டை மூக்கு லாரிகள். இந்தியாவுக்கும் அவை ஏராளமாக வந்தன. போர் முடிந்தபின் அவை ஏலத்தில் தனியார் கைக்குப் போயின; மரம் ஏற்றின, மூட்டை சுமந்தன. ஆனால் அவை பெட்ரோல் குடிக்கும் வண்டிகள். இராணுவத்தின் செலவில் ஓடியபோது உறுத்தாத தாகம், சொந்தப் பணத்தில் ஓட்டியவரை உறுத்தாமல் இருக்குமா?

அந்தக் காலத்தின் பெயர்பெற்ற தீர்வு, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துவது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் பெர்க்கின்ஸ் நிறுவனம் 1937-இல் அறிமுகப்படுத்திய பி6 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் உலகெங்கும் இந்த வேலைக்குப் பயன்பட்டது. 1840-இல் தொடங்கிக் குதிரை வண்டிகள் செய்துவந்த சென்னை சிம்ப்சன் நிறுவனம், விடுதலைக்குப் பின் பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் செம்பியத்தில் தயாரிக்கத் தொடங்கியது. டீசல் எஞ்சினுக்காகக் கடல் கடக்க வேண்டிய காலம் அத்துடன் முடியத் தொடங்கியது.

எஞ்சின் மட்டும் போதாது. புதிய எஞ்சினின் முதுகையும் பழைய கியர்பாக்ஸின் முகத்தையும் இணைக்க ஓர் இடைத்தகடு வேண்டும். எஞ்சினைத் தாங்கும் கால்களைச் சட்டத்தில் வேறிடத்தில் பொருத்த வேண்டும். கிளட்ச் தண்டின் நுனிக்கு அளவு மாற்றிய புஷ் வேண்டும். ஆறு வோல்ட் மின்னமைப்பு டீசல் எஞ்சினைச் சுழற்றத் திணறும் என்பதால் டைனமோ, ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாமே மாற வேண்டும். இன்று கிடைக்காதவை இந்தச் சில்லறைச் சாமான்களே. எஞ்சின் கிடைத்தாலும் இடைத்தகடு இல்லையேல் லாரி நகராது.

புதுப்பேட்டையிலோ, கோவை உக்கடத்திலோ, ஏதேனும் ஓர் ஊரின் காயலான்கடையிலோ இத்தகைய தகடு கிடந்தாலும் அதை அடையாளம் காண்பது எளிதன்று. பழைய கனடா வண்டியின் போல்ட்டுகளுக்கு அமெரிக்க மறை. போருக்கு முந்தைய பிரித்தானிய எஞ்சின்களுக்கு விட்வொர்த் வழி வந்த மறை. அமெரிக்க மறையின் பக்கங்களிடையே 60 பாகைக் கோணம், விட்வொர்த்தில் 55 பாகை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் இரண்டும் கெடும். போரில் இந்த வேற்றுமை தந்த தொல்லையால்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-இல் பொது மறை அளவை ஏற்றுக்கொண்டன. ஆகவே பாகம் தேடுவோர்க்கு முதல் கருவி தொலைபேசி அன்று, மறை அளவுகோல்.

இவ்வளவு பாடுபட்டு அந்தத் தகட்டைத் தேட வேண்டுமா? "அது பிற்காலத்துக் கலப்படம், பிடுங்கி எறிந்துவிட்டு மூல எஞ்சினைத் தேடுங்கள்" என்பர் தூய்மைவாதிகள். சட்டமும் அவர்கள் பக்கமே சாய்கிறது. பழம்பெரும் வாகனங்களுக்கென 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பகுதி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது என்கிறது. அதுவும் இருசக்கர வண்டிகளையும் பயணிகள் காரையும் மனத்தில் வைத்து எழுதிய விதி. சுமை லாரிக்கு அதில் இடமில்லை. சீமான் ஏறிய கார் பழம்பெருமை. மூட்டை சுமந்த லாரி பழைய இரும்பு.

இந்த அளவுகோலைச் செஞ்சிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். கோட்டையின் தொடக்கம் கோன்களுடையது என்பது மரபு. பின்னர் நாயக்கர் வந்தனர். களஞ்சியங்களும் கல்யாண மகாலும் எழுந்தன. பீஜப்பூர் வந்தது. 1677-இல் கோட்டையைக் கைப்பற்றிய சிவாஜி மதில்களை வலுப்படுத்தினார். அந்த வலுவில்தான் அவர் மகன் இராஜாராம் முகலாயரின் நீண்ட முற்றுகையை 1698 வரை தாங்கினார். முகலாயருக்குப் பின் 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். வந்தவர் ஒவ்வொருவரும் கோட்டையைத் தம் காலத்துப் போருக்கேற்பப் பயன்படுத்தினர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 'மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பன்னிரண்டு கோட்டைகளின் வரிசையில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. எந்தப் பெயரில் அறிவித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மராட்டியர் இந்தக் கோட்டைக்கு முதலில் வந்தவர்கள் அல்லர். பின்னால் வந்து சேர்த்தவர்கள்.

'மூல வடிவில் இருக்க வேண்டும், பெரும் மாற்றம் கூடாது' என்ற விதியைச் செஞ்சிக்குப் பொருத்தினால் என்ன மிஞ்சும்? ராஜகிரி உச்சிக்கு முன்னுள்ள பாறைப் பிளவை நாம் இன்று கடக்கும் பாலம்கூட அந்நாளைய மரமன்று. பாலத்தைக் காலந்தோறும் மாற்றியதால்தான் உச்சிக்கு வழி இருக்கிறது. கோட்டைக்கு நியாயமானது லாரிக்கு மட்டும் ஏன் அநியாயமாக வேண்டும்?

தமிழ் கற்றவர்க்கு இந்த வாதம் புதிதன்று. மூலத்தோடு வந்து சேர்ந்த எல்லாவற்றையும் நாம் ஒரே தட்டில் வைப்பதில்லை. தன்னை மூலமென்று காட்டிக்கொண்டு உள்ளே நுழைவது இடைச்செருகல். தன்னை வேறென்று சொல்லிக்கொண்டே மூலத்துக்குத் துணை நிற்பது உரை. 1892-இல் உ.வே.சா. சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடுதான் பதிப்பித்தார். மறைந்துபோன இசை, கூத்து நூல்கள் பலவற்றின் பெயர்களை நாம் அறிவது அவ்வுரையால். 'மூலம் போதும், உரை பிற்காலத்தது' என்று யாரேனும் ஏட்டைக் கழித்திருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது கொஞ்சமா? கனடா லாரியில் அமர்ந்த சென்னை எஞ்சினும் அத்தகைய உரையே. போர்க்கால வண்டி இந்த மண்ணில் எப்படிப் பிழைத்தது, டீசல் எப்போது வந்தது, நம் கடைசல்காரர் எவ்வளவு திறமை உடையவர் என்பனவற்றையெல்லாம் மூல எஞ்சின் சொல்லாது. அந்த இடைத்தகடு சொல்லும்.

அப்படியானால் போன வாரம் மாட்டிய இசை ஹாரனும் மரபுதானா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. எமது அளவுகோல் இரண்டு. அந்தச் சேர்க்கை வண்டி உழைத்த காலத்தில், அதன் உழைப்பு தொடர வேண்டும் என்பதற்காக வந்ததா? எப்போது, எதற்கு மாற்றாக வந்தது என்பதை அது மறைக்காமல் காட்டுகிறதா? இரண்டுக்கும் ஆம் எனில் அது உரை. பிரேக், ஸ்டீயரிங் இரண்டுக்கு மட்டும் விலக்கு வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய லைனிங்கை மரபென்று போற்றி நுரையீரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இறுகிப்போன பழைய ரப்பரை நம்பி மலைச்சாலையில் இறங்கவும் வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. கையில் பின்சேர்க்கைப் பாகம் வைத்திருப்போர் அதை அளந்து வரைந்து, மறையின் வகையையும் உலோகத்தையும் குறித்து வைக்க வேண்டும். வரைபடம் இருந்தால் கோவையின் வார்ப்பாலைகளில் மீண்டும் வார்க்கலாம். வார்த்ததன் மேல் ஆண்டைப் பொறித்துவிட்டால் போலி என்ற பேச்சுக்கு இடமில்லை.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் 1959 முதல் 1996 வரை செய்யப்பட்ட சக்திமான் லாரியை எண்ணிப் பாருங்கள். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. சக்திமானின் எஞ்சிய வரைபடங்களைப் பொதுப் பார்வைக்குத் தருவதால் நாட்டின் பாதுகாப்புக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பழம்பெரும் வாகன விதியில் சுமை லாரியையும், சான்றுடன் கூடிய பழைய மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்ட சமூகம் நாம். அந்த இழப்பை நினைத்து இன்றும் வருந்துகிறோம். உலோகத்தில் எழுதியவற்றை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டியாவது பார்ப்போம்.