சாவி பெற்றால் போதுமா?

வீடு வாங்குவோர் வீட்டைத்தான் பார்க்கின்றனர்; கட்டடத்தைப் பார்ப்பதில்லை. சாவி கைக்கு வந்த நாளில் சுவரைத் தட்டிப் பார்க்கின்றனர். தரையில் கீறல் உண்டா எனக் குனிந்து தேடுகின்றனர். குழாயைத் திறந்து மூடுகின்றனர். குறை கண்டால் மேம்பாட்டாளரிடம் வாதாடவும் தயங்குவதில்லை. ஆனால், அந்தக் குழாய்க்கு நீரை ஏற்றும் பம்பு எங்கே இருக்கிறது, அது பழுதுற்றால் மாற்றுப் பம்பு ஓடுமா என்று வினவினால் விடை கூறுவோர் அரியர்.

இவ்வறியாமை சிறு குறையன்று. பல குடும்பங்களின் வாழ்நாள் உழைப்பும், சில வேளைகளில் உயிரும் இதனால் இழப்புக்கு உள்ளாகின்றன.

சட்டம் தந்த பொறுப்பு

மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. வீடுகள் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் மேம்பாட்டாளர் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டவேண்டும் என்பது அதன் விதி. அக்கூட்டத்தில் கூட்டு நிர்வாக மன்றம் பிறக்கிறது; 3 முதல் 14 பேர் கொண்ட செயற்குழு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன்பின் மின்தூக்கி, நீர்த்தொட்டி, மின்பலகை, தீயணைப்புச் சாதனங்கள், கூரை, கழிவுநீர்க் குழாய், வடிகால், தடுப்புச் சுவர் ஆகிய அனைத்தையும் பேணும் கடமை அம்மன்றத்தைச் சாருகிறது.

விற்பனை ஒப்பந்தம் தரும் குறைநீக்கக் காலம் 24 மாதங்கள். அது வீட்டின் உட்புறத்திற்கு மட்டும் உரியதன்று. பொதுச் சொத்துக்கும் உரியது. எழுத்து வழி அறிவித்த 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவிலேயே குறையைச் சீர்செய்ய வேண்டும். ஆயின், அக்காலம் குடியிருப்போர் பொறுப்பேற்ற நாளில் தொடங்குவதில்லை. சாவி ஒப்படைத்த நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டாம் மாதத்தில் செயற்குழு அமையுமாயின் பாதிக் காலம் கழிந்திருக்கும். மீதிப் பாதியைத் தலைவர் யார், செயலாளர் யார் என்னும் பூசலிலும், வாகன நிறுத்துமிடச் சண்டையிலும் கழித்துவிட்டால் எஞ்சுவது என்ன? அதன்பின் வெடிக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் குடியிருப்போரே பணம் செலுத்த வேண்டும். மாதக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து விழுக்காடாகச் சேரும் ஒதுக்கு நிதி, புதிய கட்டடத்தில் எத்துணை சேர்ந்திருக்கும்?

லயத்து மனப்பான்மை

தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டங்களை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் முறையிடுவதே வழக்கம். 1966-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும் பொறுப்பை முதலாளியின்மீதே சுமத்திற்று. அன்று அது நியாயமே. வீடு தொழிலாளியின் உடைமையன்று.

இன்று வீடு அவனுடையது. கூரையிலும் அவனுக்குப் பங்குண்டு, மின்தூக்கியிலும் பங்குண்டு. மனம் மட்டும் லயத்தை விட்டு இன்னும் வெளியேறவில்லை. “நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்” என்னும் பழைய சொல்லே நாவில் தங்கியிருக்கிறது. அந்த நிர்வாகம் தானே என்பதை உணராதவன் யாரிடம் முறையிடுவான்?

பொதுக்கூட்டத்திற்குப் போதிய எண்ணிக்கையில் உறுப்பினர் வாராவிடின், அரை மணி நேரம் காத்திருந்து வந்தவரைக் கொண்டே கூட்டத்தை நடத்தச் சட்டம் இடந்தருகிறது. ஆகவே, வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்திருந்த பலரின் தலைவிதியைக் கூட்டத்திற்கு வந்த சிலர் முடிவு செய்கின்றனர். பின்னர் அவர்களைப் பழிப்பதில் பயன் என்ன?

பாராமல் இடும் கையெழுத்து

ஒப்படைப்பு நாளில் நடப்பதென்ன? பெட்டி நிறையச் சாவிகளும் கட்டுக்கட்டாகக் கோப்புகளும் மேசைமீது வைக்கப்படுகின்றன. தேநீர் பரிமாறப்படுகிறது. ஒரு தாள் நீட்டப்படுகிறது. அதில் “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்” என்று எழுதியிருக்கிறது. செயற்குழுவினர் கையெழுத்திடுகின்றனர்.

“பெற்றுக்கொண்டோம்” என்பது ஒரு செய்தி. “நல்ல நிலையில்” என்பது ஒரு சான்று. பாராத பொருளுக்குச் சான்று வழங்குதல் பொய்யேயாகும். நாளை மேம்பாட்டாளரிடம் முறையிடச் சென்றால், அவ்விரு சொற்களே முறையிடுவோரின் வாயை அடைக்க எடுத்துக் காட்டப்படும்.

பார்க்க வேண்டியவை மறைபொருள்கள் அல்ல. நீரேற்றும் பம்புகள் இரண்டிருந்தால் ஒன்றை நிறுத்தி மற்றது தானே ஓடுகிறதா எனப் பார்க்கவேண்டும். ஜெனரேட்டரைப் பொத்தானை அழுத்தி ஓட்டிக் காட்டுவது சோதனையாகாது. பிரதான மின்சாரத்தையே துண்டித்து, அது தானே விழித்தெழுகிறதா, மின்தூக்கி தரைத்தளத்திற்கு வந்து கதவைத் திறக்கிறதா, படிக்கட்டில் அவசர விளக்கு எரிகிறதா என்று காண்பதே சோதனை. தீயணைப்புக் குழாயைக் கீழ்த்தளத்தில் திறந்து பார்ப்பது எளிது. உச்சித் தளத்தின் கடைக்கோடியில் திறந்து பார்க்கவேண்டும். 1984-ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட விதிகளின்படி, தீயணைப்பு வண்டி அணுகும் தளத்திலிருந்து 30.5 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடத்தில், எந்நேரமும் நீர் நிரம்பிய தீயணைப்பு நிலைக்குழாய் வேண்டும். குழாய் இருக்கிறது, நீர் இருக்கிறதா?

நீர்த்தொட்டியின் மூடி பூட்டப்பட்டுள்ளதா? மின்தூக்கியின் குழியில் நீர் தேங்கியுள்ளதா? அதன் தகுதிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா? கழிவுநீர்க் குழியின் மூடியைத் தூக்கினால் உள்ளே சிமெண்டுக் கழிவு அடைத்துக் கிடக்கிறதா? இவற்றைக் காணக் கண்ணும், கேட்க நாவும் இருந்தால் போதும்.

கோப்புகளையும் எண்ணிப் பெறவேண்டும். கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடங்கள், குழாயும் கம்பியும் செல்லும் வழி, உத்தரவாதப் பத்திரங்கள், இயக்கக் கையேடுகள், குத்தகையாளர் முகவரிகள் ஆகியவற்றை ஒப்படைக்கும் கடமை மேம்பாட்டாளருக்கு உண்டு. வரைபடம் இல்லாத கட்டடத்தில் ஒரு கசிவைத் தேடச் சுவர் முழுவதையும் உடைக்க நேரும்.

வல்லுநர் வேலை என்னும் சாக்கு

“இவை பொறியாளர் வேலை, எங்களுக்கு என்ன தெரியும்?” என்பர் சிலர். அப்படியாயின் பொறியாளரை அமர்த்துக. அவர் மேம்பாட்டாளரின் சம்பளம் பெறுபவராக இருத்தலாகாது என்பதே முக்கியம். குடியிருப்போர் இருவர் அவருடன் நடந்து, ஒவ்வொரு குறையையும் தேதியுடன் எழுதிப் படமெடுத்து வைக்கவேண்டும்.

“அதற்குச் செலவாகுமே” என்பது அடுத்த சாக்கு. உண்மைதான். மலிவு விலை வீடுகளில் கட்டணப் பாக்கியே மலைபோல் குவிந்திருக்கும் நிலையில் பொறியாளர் ஊதியம் பாரமே. எனினும், அச்செலவை எல்லா வீடுகளும் ஒருமுறை பகிர்ந்துகொள்ளலாம். சோதியாமல் விட்ட பம்பும் மின்தூக்கியும் ஆண்டுதோறும் கேட்கும் செலவு அதனினும் பெரிது. பத்தாம் மாடியிலிருந்து நோயுற்ற தாயைத் தோளில் சுமந்து இறங்கும் மகனுக்கு அதன் கணக்கு விளங்கும்.

“மேம்பாட்டாளரைப் பகைத்துக்கொள்ளலாமா?” என்பர் வேறு சிலர். சட்டம் தந்த உரிமையைக் கேட்பது பகையன்று. பொதுச் சொத்தின் குறைகளைக் களைவதற்கென்றே மேம்பாட்டாளர் கட்டட ஆணையரிடம் வைப்புத்தொகை செலுத்தவேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. கேட்பாரற்றுக் கிடந்தால் அவ்வுரிமை யாருக்குப் பயன்படும்?

1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 உயிர்கள் மாண்டன. பின்புறச் சரிவும், அதன் வடிகாலும், தடுப்புச் சுவரும் அப்பேரிடருக்கு வழிகோலின. வீட்டுச் சுவர்களை எத்துணை நுணுக்கமாகத் தட்டிப் பார்த்திருந்தாலும் அக்குறை தென்பட்டிராது. கேடு எப்போதும் வீட்டுக்குள்ளிருந்தே வருவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

ஆசிரியரும் மாணவரும்

எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று ஆசிரியரையே செயலாளராக்குவது குடியிருப்புகளில் காணும் வழக்கம். விடைத்தாளைப் புரட்டாமல் மதிப்பெண் இடும் ஆசிரியரை எவரும் மன்னியார். கட்டடத்தைப் பாராமல் “நல்ல நிலையில்” என்று கையெழுத்திடும் ஆசிரியரை மட்டும் எவ்வாறு மன்னிப்பது?

மாணவர்க்கும் இதில் பணியுண்டு. தம் மாடியில் தீயணைப்புக் கருவி எங்கே உள்ளது, அதன் சான்றின் காலம் எப்போது முடிகிறது, படிக்கட்டின் கதவு தடையின்றித் திறக்கிறதா என்று பார்த்து வந்து பெற்றோரிடம் கூறலாம். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாத தந்தை, அடுத்த பொதுக்கூட்டத்திற்குச் செல்லாமல் இரான்.

சாவி ஒரு கதவைத் திறக்கும். அக்கதவுக்கு அப்பால் உள்ள கட்டடம் முழுவதும் தன்னுடையது என்று உணர்பவனே வீட்டுக்கு உரியவன். மற்றவன் தன் பணத்தில் வாங்கிய வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவன்.