வரிப் படிவத்தில் ஒரு கட்டம்: நம் பிள்ளைகளுக்கு அதில் இடமுண்டா?

வருமான வரி என்றதும் கொழும்புக்காரர் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் நமது பிள்ளைகளுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

சங்கச் சந்தாவை நாம் எப்படிக் கட்டுகிறோம்? ஒரு தடவை படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். அதன் பிறகு தோட்ட நிர்வாகம் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புகிறது. சில நாடுகளில் வருமான வரி விபரத்திரட்டிலும் இதைப் போல ஒரு கட்டம் இருக்கிறது. வரி கட்டுபவர் அதில் அடையாளமிட்டு, தாம் விரும்பும் இளைஞர் அமைப்புக்கோ சிறுவர் நிதியத்துக்கோ பணம் போகச் செய்யலாம். இந்த முறை இலங்கைக்கும் வேண்டுமா என்று கேட்டால், தோட்டத் தொழிலாளர் பக்கத்திலிருந்து என்ன பதில் சொல்வது என்பதை நாம் இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

அமெரிக்க மாநிலங்களில் இருப்பது ஒரு வகை. 1977இல் கொலராடோ மாநிலம் வனவிலங்குப் பாதுகாப்புக்காக இதைத் தொடங்கியது. பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின. சிறுவர் துஷ்பிரயோகத் தடுப்பு நிதியம் போன்றவையும் படிவத்தில் சேர்ந்தன. இங்கே கொடுக்கப்படுவது வரி கட்டுபவரின் சொந்தப் பணம். கூடுதலாகக் கட்டிய வரியிலிருந்து தமக்குத் திரும்பி வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். வேறு விதமாகச் சொன்னால், அரசாங்கப் படிவத்தில் வைத்த கோயில் உண்டியல்.

மற்ற வகை ஐரோப்பாவில் இருக்கிறது. ஹங்கேரி 1996இல் சட்டமியற்றி, கட்டும் வருமான வரியில் 1 சதவீதம் எந்த அமைப்புக்குப் போகவேண்டும் என்று சொல்லும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. போலந்து 2004இலிருந்து இதைச் செய்கிறது. அங்கே இப்போது 1.5 சதவீதம். இத்தாலியில் 2006 முதல் ஆயிரத்துக்கு ஐந்து. சிறுவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் கழகங்களும் அங்கே அந்தப் பணத்தைப் பெறலாம். இந்த வகையில் குடிமகன் கையிலிருந்து ஒரு சதமும் கூடுதலாகப் போவதில்லை. அரசாங்கத்துக்குப் போகவேண்டிய பணம்தான் திசை மாறுகிறது. அப்படியானால் அது எல்லோருடைய பணம். ஆனால் எங்கே போகவேண்டும் என்று சொல்பவர் வருமான வரி கட்டுபவர் மட்டுமே.

போலந்தில் நடப்பதைப் பாருங்கள். அங்கே ஆண்டுதோறும் அதிகம் பணம் பெறுவது நோயுற்ற பிள்ளைகளுக்கான ஓர் அறக்கட்டளை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் அதில் தனிக் கணக்கு உண்டு. பெற்றோர் துண்டுப்பிரசுரம் அடித்து, உறவினரிடமும் கூட வேலை செய்வோரிடமும் எங்கள் பிள்ளையின் பெயரை எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் விளைவு என்ன? நல்ல வருமானமுள்ள சொந்தபந்தம் நிறைய இருக்கும் பிள்ளையின் கணக்கு நிரம்புகிறது. அதே நோயுள்ள, ஆனால் வரி கட்டும் ஒருவரைக்கூடத் தெரியாத குடும்பத்துப் பிள்ளையின் கணக்கு அப்படியே கிடக்கிறது. இத்தாலியிலும், அமைப்பின் பெயரைக் குறிப்பிடாமல் துறையை மட்டும் தெரிவு செய்தவர்களின் பணம், ஏற்கெனவே அதிகம் பேர் தெரிவு செய்த அமைப்புகளுக்கே அதிகமாகப் பிரிந்து போகிறது.

இதை அப்படியே நமது மலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கணக்குக்காக நாட்சம்பளத்தை 1,750 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 25 நாளும் முழுப் பெயர் விழுந்தால் 43,750 ரூபா. ஆண்டுக்கு 525,000 ரூபா. வருமான வரி தொடங்குவதோ ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டிய பிறகுதான். கணவனும் மனைவியும் மலையில் நின்றாலும், இருவர் சம்பளத்தையும் சேர்த்தாலும் அந்த வாசலுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டோம். வரி நிவாரணம் நமக்கு இருக்கவேண்டியதே. ஆனால் விபரத்திரட்டு நம் கைக்கு வராதபோது, அதிலுள்ள கட்டமும் நம் கைக்கு வராது.

அதற்காக நாம் வரியே கட்டாதவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும் பிஸ்கட்டிலும், பிள்ளையின் போனுக்குப் போடும் ரீலோட்டிலும் நாம் அதைக் கட்டுகிறோம். அந்த வரிக்கு யாரும் நம்மிடம் படிவம் நீட்டுவதில்லை. எங்கே செலவிடலாம் என்று கேட்பதுமில்லை. ஆகவே ஐரோப்பிய முறை அப்படியே இங்கே வந்தால், கொழும்பு மாவட்டத்தில் வரி கட்டுபவர்கள் தமக்குத் தெரிந்த கொழும்பு அமைப்புகளின் பெயரை எழுதுவார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் உள்ள தோட்டத்து இளைஞர் கழகத்தின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்றைய சட்டத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்கு ஒருவர் பணமாகக் கொடுக்கும் நன்கொடையை வருமானத்தில் கழித்துக்கொள்ள 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் இடமளிக்கிறது. உச்ச எல்லை 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று, எது குறைவோ அது. மாதம் 180,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவர் 75,000 ரூபாவைக் கொடுத்தால் அவருக்கு வரியில் மிச்சமாவது 4,500 ரூபா மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் இருக்கிறது. நோயாளரையும் தேவையுடையோரையும் நிறுவனத்தில் வைத்துப் பராமரிக்கும் இல்லங்களுக்கே இந்த அங்கீகாரம் உரியது. தோட்டத்து வாசிகசாலையோ, மாலை நேர வகுப்போ, கரப்பந்தாட்டக் குழுவோ அதற்குள் அடங்காது. பிள்ளை அநாதை இல்லத்துக்குப் போனால் நன்கொடைக்குச் சலுகை உண்டு. தன் வீட்டிலிருந்தே படித்து முன்னேற உதவினால் கிடையாது. இந்த வரைவிலக்கணத்தை விரிவாக்கும்படி கேட்பதே நமது முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். புதிய கட்டம் ஒன்றை அச்சிடுவதைவிட இது சுலபமான வேலையும்கூட.

கட்டம் வருவதானால், நமது நிபந்தனை தெளிவானது. சேரும் பணத்தில் குறைந்தது பாதியாவது ஒரு பொது நிதியத்துக்குப் போய், மாவட்டத்தின் வறுமையையும் பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைகளின் தொகையையும் பார்த்துப் பங்கிடப்பட வேண்டும். பதிவுசெய்த தோட்டத்து இளைஞர் கழகங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடிய வேண்டும். விண்ணப்பம் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவம் ஒன்றைப் பெறுவதற்கே எத்தனை தடவை பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்பது நமது இளைஞர்களுக்குத் தெரியாததா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு ஆசிரியர் தருவதும், தொழிற்பயிற்சி நிலையம் அமைப்பதும் அரசாங்கத்தின் கடமை. நன்கொடைக் கட்டம் ஒன்று வந்துவிட்டது, இனி நல்ல உள்ளங்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வரவு செலவுத் திட்டத்தில் கைவைக்கப் பார்த்தால், அந்தக் கட்டமே வேண்டாம் என்று சொல்லவும் நாம் தயங்கக்கூடாது.

நமது தோட்டங்களில் பிறந்து இன்று வங்கியிலும் கணினித் துறையிலும் வேலை பார்த்து வருமான வரி கட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களது அப்பாவும் அம்மாவும் இந்த இதழை வாசிப்பவர்கள்தான். தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ அவர்கள் ஊருக்கு வரும்போது இதைக் காட்டுங்கள். ஊர்க் கழகத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குச் சலுகை வேண்டும் என்று வரி கட்டும் அவர்களும் நம்மோடு சேர்ந்து எழுதிக் கேட்டால், அமைச்சில் அதற்கு வேறு எடை இருக்கும்.

அதற்கு முன் நம் பக்கத்தில் ஒரு வேலை பாக்கி. எத்தனை தோட்டத்துக் கழகங்களிடம் பதிவுப் பத்திரமும், கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கும், ஒழுங்காக எழுதிய கணக்குப் புத்தகமும் இருக்கின்றன? நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வருவதற்குள் தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் தத்தமது பிரிவுக் கழகங்களிடம் விசாரித்து, இவை இல்லாத கழகங்களின் பெயர்களை மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதி அனுப்புங்கள்.