சொன்னோம், சனம் போகவில்லை

மண்சரிவைப் பற்றிப் பதுளையில் எந்தக் கூட்டத்தில் பேச்சு எழுந்தாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். "நாங்கள் முன்னமே எச்சரித்தோம், சனம்தான் எழும்பிப் போகவில்லை." அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். "முப்பது வருஷ சேவை உள்ளவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தின் அனர்த்தத் திட்டத்தை வெளியாள் வந்து மதிப்பிட என்ன இருக்கிறது? மதிப்பிடுவதற்கென்று அவர்களுக்கு ஒரு பயிற்சி வேறா?" இந்த இரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதலில் எச்சரிக்கை. 2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, குடும்பங்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது உண்மை. ஆனால் எங்கே போவது? லயக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். காணி அரசாங்கத்துடையது, அதைக் கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. தொழிலாளியின் பெயரில் ஒரு பேர்ச்சும் இல்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க 2018இல் திருத்தம் வரும்வரை சட்டமே குறுக்கே நின்றது. பிழைத்தவர்களுக்கு 2016இல் புது வீடுகள் கிடைத்தன. சாவு விழுந்த பிறகு அகப்பட்ட நிலம் அதற்கு முந்திய ஒன்பது வருஷம் ஏன் அகப்படவில்லை?

எச்சரித்தவருடைய வேலை கடிதம் போனதோடு முடிந்துவிடுகிறது. மதிப்பிடுபவருடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது. மாற்றிடம் எது, அதற்கு யார் பொறுப்பு, காசு எங்கிருந்து, எந்தத் திகதிக்குள்? மீரியபெத்தவில் இவற்றை எழுத்தில் வாங்கி, அடுத்த வருஷமும் வந்து கேட்க ஒருவர் இருக்கவில்லை. எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதுகூடத் தெரியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் பேசப்பட்ட தொகை பிறகு முப்பத்துச் சொச்சமாக இறங்கியது. இன்றிரவு எந்தக் காம்பிராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற இடாப்பு மலைக்கு எட்டாத ஓரிடத்தில் இருந்திருந்தால், அந்தக் குழப்பத்தை அந்தக் குடும்பங்கள் அனுபவித்திருக்க வேண்டியதில்லை.

இனி அனுபவம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஒபிஸில் ஒரு முறை மழைப் புத்தகத்தைப் புரட்டினேன். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதிய இலக்கங்கள், ஒரு நாள் தவறாமல், அழகான கையெழுத்தில். ஒரு பக்கத்தில் நூற்றறுபது மில்லிமீற்றருக்கு மேல் பதிவாகியிருந்தது. 24 மணி நேரத்தில் 75 தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. புத்தகத்தில் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் இருந்ததோ 'கொழுந்து இல்லை' என்ற இரண்டு சொல் மட்டும். எழுதியவர் முப்பது வருஷம் அங்கே வேலை செய்த கிளாக்கர் ஐயா. எந்த லயத்துக்குப் பின்னால் ஊற்று வெடிக்கும் என்று விரலால் காட்டக்கூடியவர்.

"இப்படி ஒரு இலக்கம் வந்தா யாருகிட்ட சொல்லுவீங்க ஐயா?"

"தொரைகிட்ட சொல்லுவேன்."

"தொரை லீவுல இருந்தா?"

அவர் யோசித்தார். சுவரில் அனர்த்தக் குழுவின் பெயர்ப் பட்டியல் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கியது. அதில் இரண்டு பேர் பென்சன் போயிருந்தார்கள்.

அவருக்கு அறிவு குறைவில்லை. தன் தோட்டத்தை அவ்வளவு நன்றாகத் தெரிந்ததாலேயே, ஏட்டில் இல்லாததையெல்லாம் மனதில் நிரப்பிக்கொண்டு 'எப்படியும் நடந்துவிடும்' என்று நம்பினார். அனுபவஸ்தர்கள் எல்லோருக்கும் இது பொது. மதிப்பிடுவது தனித் தொழில். யோசனை சொல்ல வாய் துடித்தாலும் அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். "இருக்கிறது" என்றால் "காட்டுங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும். துரையிடம் கேட்டதையே கொழுந்தெடுக்கும் பெண்ணிடமும் கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். இது பயிற்சியால் வருவது.

"அதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி" என்பார்கள். அமெரிக்காவில் 'ஈமேப்' என்ற தரச்சான்றுத் திட்டம் செய்வதைத்தான் சொல்கிறார்கள். அனர்த்த முகாமைத்துவத்தில் ஊறியவர்களுக்கே மதிப்பீட்டுப் பயிற்சி கொடுத்து, வேற்றிடங்களுக்குக் குழுவாக அனுப்புகிறார்கள். 2003இல் சான்று பெற்ற புளோரிடா, புயலுக்குப் பழகிய மாநிலம். அனுபவம் போதுமென்றால் அதற்கு இது தேவைப்பட்டிருக்காது. நமக்கும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நிலையமும் திட்டங்களும் இருக்கின்றன. அளவுகோலை மட்டும் நாமே எழுத வேண்டும். பகலில் தாய் மலையில் கொழுந்தெடுக்கும்போது பிள்ளை மடுவத்திலுள்ள குழந்தையை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? எந்த வெளிநாட்டு ஏட்டிலும் இந்தக் கேள்வி இருக்காது.

மீரியபெத்தவிலேயே பாடம் படித்துவிட்டோம் என்பதும் சரியல்ல. 2023 மார்ச்சில் அதே பக்கத்தில், பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயங்கள் உடைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மறுபடி பிணங்களைத் தோண்டியது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறை அப்போது பகிரங்கமாகவே எழுந்தது. அறிவித்தல் எந்த மொழியில் இருந்தது, அதைக் கேட்டவருக்குப் புரிந்ததா என்பது மதிப்பீட்டில் முதல் பக்கத்தில் வரவேண்டிய கேள்வி.

ஒரு எதிர்ப்பில் மட்டும் நியாயம் இருக்கிறது. சான்றிதழும் கடைசியில் சுவரில் தொங்கும் இன்னொரு கடதாசியாகிவிடும் என்ற பயம். எனக்கும் அது உண்டு. அதனால்தான் யாரும் தன் தோட்டத்தைத் தானே மதிப்பிடக் கூடாது, சான்றுக்குக் காலவரை வேண்டும், அறிக்கை லயத்து மக்கள் வாசிக்கும் தமிழில் பிரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும் என்கிறேன்.

அந்தக் கிளாக்கர் ஐயாவைப் போன்றவர்களைத்தான் முதலில் பயிற்றுவிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர், தோட்டப் பாடசாலை அதிபர், டிஸ்பென்சரி ஐயா, மண்ணைப் படித்த புவியியலாளர் எல்லோரையும் அவரோடு ஒரு வகுப்பில் உட்கார வைக்கலாம். பிறகு அவரைத் தனக்குத் தெரியாத ஒரு தோட்டத்துக்கு, ஹல்துமுல்லைப் பக்கம், அனுப்பிப் பாருங்கள். ஒபிஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அவர் முதலில் கேட்பது மழைப் புத்தகத்தைத்தான்.