விருந்தாளிக்கு எந்தப் புதுச்சேரியைக் காட்டுவது?

போன பொங்கலுக்கு என் பெரியண்ணனின் பேத்தி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். இருபத்து நான்கு வயது. தமிழ் கொஞ்சம் தடுமாறும், ஆனால் பேசுவாள். என் பிரெஞ்சு ஐம்பது வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தாலும், எண்ணெய் விட்டால் ஓடும். ஆகவே எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவில்லை.

வந்த அன்றே கைபேசியை நீட்டினாள். "சின்ன தாத்தா, புதுச்சேரியில் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடம்னு போட்டிருக்காங்க. எல்லாம் பார்த்துடலாமா?" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கடற்கரைச் சாலை, காந்தி சிலை, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், பழைய கலங்கரை விளக்கம், மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், மஞ்சள் சுவர் வீதிகள், அப்புறம் இரண்டு மூன்று காப்பிக் கடைகள். ஒன்றும் தவறான இடமில்லை. எல்லாவற்றையும் ஒன்றரை நாளில் பார்த்து முடித்துவிட்டோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் காந்தி சிலைக்குப் பின்னால் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. "எங்க தாத்தா பொறந்த வீடு எங்கே? அது இந்தப் பட்டியல்ல இருக்காதுதானே?" என்றாள்.

இதற்கு நான் தயாராக இல்லை.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் அண்ணனுக்கு அப்போது இருபது வயது. எழுதிக் கொடுத்தான். சொல்தாவாகப் போனான். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நான் பள்ளிக்கூடப் பையன். ஆக ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு ஆயிற்று. அண்ணன் அங்கேயே காலமானான். அந்தப் பெண்ணுக்கு அவன் சொல்லிச் சொல்லி வளர்த்ததெல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான். தெருப்பக்கம் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்து மழைத் தண்ணீரைப் பிடிக்க வைத்த அண்டா, மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணியில் வளைவு வைத்த ஜன்னல்.

மறுநாள் காலையில் அழைத்துப் போனேன். பெருமாள் கோயில் வீதியிலிருந்து இரண்டு வீதி தள்ளி. அங்கே இப்போது நான்கு மாடி அடுக்ககம் இருக்கிறது. கீழே வண்டி நிறுத்தும் இடம். திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கேட்டு.

வீட்டை விற்றது 1998இல். அப்பா போன பிறகு மூன்று பங்கு. கூரை ஒழுகியது, உத்தரத்தில் கரையான், பழுது பார்க்கக் கேட்ட தொகை என் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு மேல். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அங்கிருந்து தபாலில் அதிகாரப் பத்திரம் அனுப்பினான், கூடவே ஒரு வரிக் கடிதம்கூட வைக்கவில்லை. இடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அந்தத் தெரு வழியாகப் போகாமல் அலுவலகத்துக்குச் சுற்றிப் போனேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கேட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். "இங்க என்ன இருந்துச்சுன்னு ஒரு பலகைகூட இல்லையே, சின்ன தாத்தா" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் வைத்திருக்கும் பட்டியலில் தவறில்லை, அது பாதிப் பட்டியல். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பாதி. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பக்கத்தை வில் பிளான்ஷ் என்றும் நம் பக்கத்தை வில் நுவார் என்றும் பிரித்தார்கள். வெள்ளை நகரம், கறுப்பு நகரம். அவர்கள் போய் இத்தனை வருஷமாகியும், 'ஒயிட் டவுன்' என்று பலகை மாட்டி விற்கிறோம். மற்றதை விருந்தாளிகள் ஆட்டோவில் கடந்து போகும் இடமாக ஆக்கிவிட்டோம்.

வந்தவர்கள் முந்நூறு வருஷப் பிரெஞ்சுக் கட்டடங்கள் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு திரும்பக் கட்டிய ஊர் இது. திரும்பக் கட்டிய கையும் கடப்பாரையும் யாருடையவை? வாய்க்காலுக்கு மேற்கே குடியிருந்தவர்களுடையவை.

நானும் பிரெஞ்சில் படித்தவன்தான். செய்ன் நதியும் லுவார் நதியும் எங்கே உற்பத்தியாகின்றன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நம் சங்கராபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செஞ்சி மலைப்பக்கம் என்பதை அரசு வேலைக்கு வந்த பிறகு ஒரு கோப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆகையால் மற்றவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு அவ்வளவாக இல்லை. ஆனாலும் மிச்சமிருந்த நாலு நாளில் அந்தப் பெண்ணுக்கு நான் காட்டிய இடங்களை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உதவும்.

முதலில், ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். மார்க்கெட்டுக்குப் போகும்போது ஆயிரம் தடவை கடந்திருப்போம். துய்ப்ளேக்சு துரைக்குத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை, இருபத்தைந்து வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். சரக்கு விலை, கப்பல் வரவு, துரைமார் சண்டை, வீட்டு விசேஷம் எல்லாம் அதில் உண்டு. ஊர் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்னால், 1761 ஜனவரியில் கண்ணை மூடினார். வீட்டின் கீழ்த்தளம் நம் பாணி, மேல்தளம் பிரெஞ்சுத் தூண்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்று இதைச் சொன்னால் போதும். அந்தப் பெண், "எங்க தாத்தா வீடும் இப்படித்தான்னு சொல்வாரு" என்றாள். ஆமாம், இது அரண்மனை, நம்முடையது குடிசை, ஆனால் புத்தி ஒன்று என்றேன்.

இரண்டாவது, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும். ஒரே காலையில் நடந்தே பார்க்கலாம். பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். ஆங்கிலேய போலீசுக்குப் பயந்தவர்களுக்குப் பிரெஞ்சு எல்லை அடைக்கலம் கொடுத்த காலம் அது. வ.வே.சு. ஐயரும் வந்தார், அரவிந்தரும் 1910இல் வந்தார். பாரதிதாசனோ நம் ஊரிலேயே பிறந்து, பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நம் மாதிரி அரசுச் சம்பளக்காரர். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

மூன்றாவது, பாரதி பூங்கா நடுவில் உள்ள ஆயி மண்டபம். இது பட்டியலில் இருக்கிறது, ஆனால் எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கதையைச் சொல்வாரில்லை. விளக்கேற்றிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டார், அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், அவள் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. பிற்பாடு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் பெயரில் இந்த மண்டபம் எழுந்தது. நம் அரசின் சின்னமே இதுதான். பணியில் இருந்த காலத்தில் எத்தனை தாளின் தலையில் இதைப் பார்த்திருப்பேன்! தன் வீட்டை இடித்தவளுக்கு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். குளம் வெட்டியதற்காக. நான் இடிக்கவிட்டதற்கு வண்டி நிறுத்துமிடம்தான் மிச்சம்.

நான்காவது, ரோடியர் மில். இப்போது மூடிக்கிடக்கிறது. நம் காலத்தில் மில் சங்கு ஊதினால்தான் ஊருக்கு மணி தெரியும். 1936 ஜூலை 30ஆம் தேதி, வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்களைச் சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அது சவானா மில்லில் நடந்தது. வ. சுப்பையா முன்னின்ற போராட்டம். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. கடற்கரையில் முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்குத் தூண் இருக்கிறது, வணங்குகிறோம். இந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றியும் விருந்தாளிக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்.

ஐந்தாவது கொஞ்சம் தூரம். காலையில் அரிக்கமேடு, மாலையில் கீழூர். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரிச் சாடிகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. மணி செய்து கப்பலேற்றிய ஊர் அது. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, மாமரமும் செங்கல் இடிபாடும்தான். ஆனால் பிரெஞ்சுக்காரன் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு வருஷம் முன்னாலேயே இந்தக் கரைக்கு வெளிநாட்டுச் சரக்கு வந்திருக்கிறது என்று நின்று சொல்ல வேறு இடமில்லை. கீழூர் வில்லியனூரைத் தாண்டி. 1954 அக்டோபர் 18ஆம் தேதி அங்கேதான் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நினைவு மண்டபம் இருக்கிறது. ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றுவார்கள், மற்ற நாளில் ஈ காக்கை இல்லை. நாங்கள் போனபோதும் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. தன் தாத்தா ஏன் பிரெஞ்சுக்காரர் ஆனார், நான் ஏன் ஆகவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது என்று சொன்னாள்.

சில நண்பர்கள் கேட்கலாம்: "சுற்றுலாக்காரன் மஞ்சள் சுவரைப் பார்க்க வருகிறான், அதில் நூறு குடும்பம் பிழைக்கிறது, உனக்கு ஏன் வயிற்றெரிச்சல்?" வயிற்றெரிச்சல் இல்லை. அவர்கள் நன்றாக வரட்டும். என் கவலை வேறு. யாரும் பார்க்க வராத வீட்டை யாரும் காப்பாற்றுவதில்லை. 2014 நவம்பர் மழையில் கடற்கரை மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது ஊரே அழுதது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் மேற்கே ஒரு திண்ணை வீடு போனால் போனதுதான். அதற்கு உலக வங்கிக் கடன் வராது. வைசியாள் வீதியில் ஒரு பகுதியைச் சீராக்கி யுனெஸ்கோ விருதே வாங்கினோம். முடியும் என்பதற்கு அது சாட்சி. மற்ற வீதிகளுக்கு ஏன் அது பரவவில்லை?

பழைய வீட்டை வைத்திருப்பவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பங்கு பிரிப்பதும், தச்சன் கிடைக்காததும், சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தன் போய்விட்டதும் எனக்குத் தெரியும். வீட்டை இடிக்காதே என்று சொல்பவன், பழுது பார்க்கக் கொஞ்சம் பணமும் தர வேண்டும். அரசு அப்படிப்பட்ட வீடுகளுக்கு வீட்டு வரியைத் தள்ளிக் கொடுக்கலாம். கூரை பழுதுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கலாம். முப்பது வருஷம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், இவை பெரிய கோப்புகள் அல்ல.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. விற்பது என்று முடிவாகிவிட்டால், விற்பதற்கு முன்னால் வீட்டை உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். யார் கட்டியது, யார் யார் பிறந்தார்கள், கிணறு எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் இதைச் செய்யவில்லை. எங்கள் வீட்டுக்கு இருக்கும் ஒரே படம், அக்கா கல்யாணத்தில் எடுத்தது. அதில் பின்னால் அரைத் தூணும் கதவின் ஒரு பக்கமும்தான் தெரிகின்றன. அதையும் பிரதி எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன்.

ஊருக்குப் போன பிறகு அவள் ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போட்டு அனுப்பியிருக்கிறாள். தாத்தா சொன்னதை வைத்துப் போட்டதாம். முற்றம் சரியாக இருக்கிறது. கிணறு மட்டும் இடம் மாறியிருக்கிறது, அண்ணனுக்கு மறந்திருக்க வேண்டும். திருத்தி அனுப்ப வேண்டும். அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டு விசேஷப் படங்களில் எதிர்வரிசை வீடுகள் விழுந்திருக்கின்றனவா என்று கொஞ்சம் பாருங்கள். ஒரு தூண் தெரிந்தாலும் எனக்குப் போதும்.