மீட்புக்கு ரசீது உண்டா?

"நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா? எந்தத் தேதியில்?" பேருந்து நிலையத்திலும் மருத்துவமனைப் படுக்கையருகிலும் நம் மக்களை நோக்கி இன்று வீசப்படும் வினா இது. தேதி சொல்லத் தெரியாத கத்தோலிக்கர் திகைத்து நிற்கிறார். கேட்டவரோ, இன்ன நாளில் இன்ன கூட்டத்தில் தாம் கையுயர்த்தியதாகவும், அன்றே தம் மோட்சம் உறுதியாகிவிட்டதாகவும், இனித் தாம் எப்படி நடந்தாலும் அது கைநழுவாது எனவும் அடித்துக் கூறுகிறார். தேதி சொல்லாமல் இறந்த தந்தையின் அடக்கத் திருப்பலிக்குள் நுழைய மறுத்துக் கோவில் வாசலிலேயே நின்றுவிடும் மகன்களை நாம் காண்கிறோம். ஏட்டளவில் நிற்கும் சர்ச்சை அன்று இது.

ஒருமுறை மீட்கப்பட்டவர் என்றென்றும் மீட்கப்பட்டவரே என்னும் இப்போதனை, பிரிந்த சகோதரர் அனைவருக்கும் உரியதன்று என்பதை நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். தம் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாய் அமைய வேண்டும் என்பதே 1517இல் லூத்தர் எழுதிய 95 கூற்றுகளுள் முதலாவதன் கருத்து. அருள் பெற்றவரும் விழக்கூடும் என்றே ஜான் வெஸ்லி போதித்தார். 1618-19இல் ஹாலந்து நாட்டின் டோர்ட் நகரில் கூடிய கால்வினியச் சங்கம், இறைவனால் தேர்ந்துகொள்ளப்பட்டோர் இறுதிவரை நிலைத்திருப்பர் எனக் கற்பித்தது உண்மை. ஆனால் அதுவும் இவ்வுறுதியைப் பொறுப்பற்ற வாழ்வுக்குச் சாக்காக்க இடந்தரவில்லை. இன்று மேடைகளில் கூவி விற்கப்படுவதோ டோர்ட் சங்கப் போதனையின் மலிவுப் பதிப்பு!

அவர்கள் எடுத்துக்காட்டும் இறைவாக்குகளை நாம் மறுப்பதற்கில்லை. நம்புவோர் நிலைவாழ்வை இப்போதே பெற்றிருக்கின்றனர் என யோவான் நற்செய்தி (5:24) தெளிவாகவே கூறுகிறது. நிலைவாழ்வு என்றாலே இறந்தபின் கிடைக்கும் முடிவில்லாத காலம் என எண்ணுவோர் நம்மிடையே பலர். 'நித்திய ஜீவன்' என்ற பழைய சொல் அவ்வெண்ணத்திற்கு இடமளித்தது எனலாம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் 'நிலைவாழ்வு' என்னும் சொல்லிலோ நிலைத்திருத்தலும் சேர்ந்து ஒலிக்கிறது. ஆண்டவரே அதற்குத் தரும் பொருள் என்ன? தந்தையையும் அவர் அனுப்பியவரையும் அறிதலே நிலைவாழ்வு (யோவா 17:3). விவிலிய வழக்கில் அறிதல் என்பது கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிவது போன்ற உறவு. உறவு தொடங்கிய நாள் ஒன்று இருக்கலாம். ஆனால் திருமணப் பதிவேட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனைவியைத் திரும்பியும் பாராதவனை நல்ல கணவன் என்போமா? அதே நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் நிலைத்திருத்தலைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறது. அங்கே உலர்ந்து நெருப்பில் விழும் கிளை வேலிக்கு வெளியே கிடந்த முள்ளன்று. திராட்சைக் கொடியிலேயே இருந்த கிளை.

கிறிஸ்துவின் அன்பினின்று நம்மை எதுவும் பிரிக்க இயலாது என முழங்கும் உரோமையர் 8ஆம் அதிகாரம் அவர்களுக்கு மிகவும் விருப்பமானது. நமக்கும் அப்படியே. ஆனால் மூன்றே அதிகாரங்கள் கடந்து (11:22), இறைவனின் பரிவில் நிலைத்திராவிடில் நீயும் வெட்டப்படுவாய் என அதே பவுலடியார் எச்சரிப்பதை ஏன் எவரும் வாசிப்பதில்லை? பிறருக்குப் போதித்தபின் தாமே தகுதியற்றுப் போகலாகாது என அஞ்சித் தம் உடலை அடக்கியவர் அவர் (1 கொரி 9:27). அவருக்கு இல்லாத ரசீது வேறு எவருக்குக் கிடைத்தது?

இதே கேள்வியை நம் வீட்டுப் பக்கமும் திருப்புவோம். ஒன்பது முதல் வெள்ளிகளும் நற்கருணை வாங்கியாயிற்று, உத்தரியம் கழுத்தில் இருக்கிறது, இனி அண்டை வயலின் வரப்பைச் சற்றே நகர்த்தினாலும் மோட்சம் உறுதி என்றிருக்கும் கத்தோலிக்கர் இல்லையா? திரு இருதய பக்தி அன்பிற்கு அன்பு செலுத்தும் அழைப்பு. அதனை ஆயுள் காப்பீடாக்கியவர், கையுயர்த்திய தேதியைக் காட்டுபவரைக் குறைகூற என்ன உரிமை உடையவர்? மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்பில் தேதியும் கேட்கப்படவில்லை, வெள்ளிகளும் எண்ணப்படவில்லை. பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா என்பதே வினா. வலப்பக்கம் நின்றவர்கள் தங்கள் நிலை கண்டு வியந்து போகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் நடுங்கிக்கொண்டே சாக வேண்டுமா? 1547 சனவரி 13 அன்று திரிதெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஏட்டில், தாம் அருள்நிலையில் இருப்பதைத் தவறவே முடியாத விசுவாச உறுதியுடன் எவரும் அறிய இயலாது என்றுள்ளது. இறைவனின் உதவிமீது மிக உறுதியான நம்பிக்கையை அனைவரும் வைக்க வேண்டும் என்பதும் அதே ஏட்டில்தான் உள்ளது. சில மறையுரை மேடைகள் முதற்பாதியை மட்டுமே முழங்கின. நரக நெருப்பைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்த ஏழை, உறுதி விற்கும் கடையை நாடிப் போனதில் வியப்பென்ன?

இவ்விரு பாதிகளும் ஒன்றாய்ச் சேர்ந்த பதிலை, 1431இல் ருவான் நகரில் 19 வயதளவேயான, எழுத்தறியாத நாட்டுப்புறப் பெண் ஒருத்தி தந்தாள். நீ இறைவனின் அருள்நிலையில் இருக்கிறாயா என நீதிமன்றத்தார் ஜோன் ஆஃப் ஆர்க்கை வினவினர். ஆம் என்றால் இறுமாப்பு. இல்லை என்றால் குற்ற ஒப்புதல். தாம் அந்நிலையில் இல்லையெனில் இறைவன் தம்மை அதில் சேர்ப்பாராக என்றும், இருப்பின் அதிலேயே காப்பாராக என்றும் அவள் விடையளித்தாள். கேட்டவர்கள் வாயடைத்துப் போயினர் என அவ்விசாரணையின் எழுத்தர் ஒருவர் பின்னாளில் சாட்சி கூறினார். திருச்சபை 1920இல் அவளைப் புனிதையாக உயர்த்தியது. அவ்விடை இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில், 2005ஆம் எண்ணில், இடம்பெற்றுள்ளது.