எச்.ஐ.வி-யே மருந்து வண்டியான கதை: வேலூர் சாதித்தது... செங்கல்பட்டு ஏன் காத்திருக்கிறது?

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் போனால் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வரும். அந்தப் பெயருக்குக் காரணமான அரசு நெஞ்சக மருத்துவமனை, ஒரு காலத்தில் எச்.ஐ.வி என்ற சொல்லோடு சேர்த்தே பேசப்பட்ட இடம். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச எச்.ஐ.வி கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் அது கிடைத்த சில மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

அதே ரயிலில் கடைசி வரை போனால் செங்கல்பட்டு. பக்கத்தில் திருமணி. அங்கே 100 ஏக்கரில் மத்திய அரசு நிறுவனம் கட்டிய தடுப்பூசி வளாகம் இருக்கிறது.

ஒரு இடம் வைரஸால் வந்த நோயைப் பார்த்தது. இன்னொரு இடம் வைரஸுக்கு எதிரான மருந்தைத் தயாரிக்கக் கட்டப்பட்டது. இந்த இரண்டையும் இணைக்கும் ஒரு தொழில்நுட்பம் இப்போது உலக மருத்துவத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. வைரஸையே மருந்து சுமக்கும் வண்டியாக்குவதுதான் அது.

வைரஸ் எப்படி வண்டி ஆகும்?

வைரஸுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். நம் உடலின் செல்லுக்குள் நுழைந்து, தன் ஜீனை அங்கே இறக்கி வைப்பது. அதன் பிறகு செல் அந்த ஜீனில் எழுதியிருப்பதைப் படித்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி சிம்பிள். நோயை உண்டாக்கும் ஜீன்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்குத் தேவையான ஜீனை வைத்தால்? வண்டி அதேதான், சரக்கு மட்டும் வேறு. இதைத்தான் வைரல் வெக்டார் என்கிறார்கள். பெருகத் தேவையான ஜீன்கள் நீக்கப்பட்டிருப்பதால், செல்லுக்குள் போன பிறகு இந்த வைரஸால் தன்னைப் போல இன்னொன்றை உருவாக்க முடியாது.

இது உங்கள் உடம்புக்குள்ளும் வந்திருக்கலாம்

2021 ஜூன். மாமல்லபுரம் போகும் ஈ.சி.ஆர் சாலையில் உள்ள கோவளம் மீனவ கிராமம் திடீரென தேசியச் செய்தி ஆனது. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள மக்கள் தயங்கியதால், தன்னார்வ அமைப்புகள் களமிறங்கின. ஊசி போட்டால் பிரியாணி, மொபைல் ரீசார்ஜ், குலுக்கலில் தங்க நாணயம் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு கூட்டம் வந்தது.

அந்தச் சமயத்தில் நாடு முழுக்கப் போடப்பட்டதில் பெரும்பங்கு கோவிஷீல்டு. அது ஒரு வைரல் வெக்டார் தடுப்பூசி. சிம்பன்சி குரங்குகளுக்குச் சளி உண்டாக்கும் அடினோ வைரஸை எடுத்து, பெருக முடியாதபடி மாற்றி, அதில் கொரோனாவின் ஸ்பைக் புரதத்துக்கான ஜீனை ஏற்றி அனுப்பினார்கள். ரஷ்யாவின் ஸ்புட்னிக் வி, பாரத் பயோடெக்கின் மூக்கு வழி மருந்தான இன்கோவாக் இரண்டும் இதே வகைதான்.

அப்போ ஜீன் மாறிடுமா?

கோவளத்தில் மட்டுமல்ல, பல ஊர்களில் மக்கள் தயங்கியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். பதில், எந்த வைரஸ் வண்டி என்பதைப் பொறுத்தது.

அடினோ வைரஸ்: தடுப்பூசிகளில் பயன்படுவது. கொண்டுவரும் ஜீன் நம் மரபணுவோடு ஒட்டிக்கொள்வதில்லை. தனியாக நின்று வேலையை முடித்துவிட்டு, அந்தச் செல்லோடு சேர்ந்து அழிந்துவிடும்.

ஏ.ஏ.வி: அடினோ வைரஸோடு தொற்றும் சிறிய வைரஸ். இதன் ஜீனும் பெரும்பாலும் தனியாகவே இருக்கும். ஆனால் கல்லீரல், நரம்பு, தசை போன்ற மெதுவாகப் புதுப்பிக்கப்படும் செல்களில் பல ஆண்டுகள் வேலை செய்யும். குழந்தைகளின் முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மா இந்த வகை.

லென்டி வைரஸ்: இது மட்டும் நம் மரபணுவுக்குள்ளேயே ஜீனைச் சேர்த்துவிடும். செல் இரண்டாகப் பிரிந்தாலும் அந்த ஜீன் இரண்டிலும் இருக்கும். இந்த வண்டி எதிலிருந்து உருவாக்கப்பட்டது தெரியுமா? எச்.ஐ.வி-யிலிருந்து.

ஆக, கோவிஷீல்டு போட்டவர்களின் ஜீன் மாறவில்லை. லென்டி வைரஸ் சிகிச்சையில் ஜீனை மாற்றுவதே நோக்கம். அதனால்தான் பெரும்பாலும் அதை நேரடியாக உடலில் செலுத்துவதில்லை. நோயாளியின் செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி, சோதித்த பிறகே திரும்ப உடலுக்குள் ஏற்றுகிறார்கள்.

1986 டு 2024: வேலூரில் நடந்த திருப்பம்

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதிக்கப்பட்டன. அதில் 6 மாதிரிகளில் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அந்த வைரஸ் முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

அதன் பிறகு எச்.ஐ.வி-க்குத் தடுப்பூசி தேடும் முயற்சியிலும் வைரஸ் வண்டிகள் வந்தன. 2006-ல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில், வலுவிழந்த அம்மை வகை வைரஸில் எச்.ஐ.வி ஜீன்களை ஏற்றிய தடுப்பூசி தன்னார்வலர்களுக்குப் போடப்பட்டது. முதல் கட்டச் சோதனையில் பெரிய பாதுகாப்புப் பிரச்னை எதுவும் தெரியவில்லை. ஆனால் எச்.ஐ.வி-க்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்றுவரை உலகில் எங்கும் இல்லை.

தடுக்க முடியாத அந்த வைரஸை வேறு வழியில் வேலை வாங்கியதுதான் அடுத்த கட்டம்.

2024 டிசம்பரில், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வேலூர் சி.எம்.சி-யின் ஆய்வு ஒன்று வெளியானது. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, தீவிர ஹீமோஃபிலியா ஏ பாதித்த 5 பேருக்கு லென்டி வைரஸ் மூலம் ஜீன் தெரபி கொடுத்திருந்தது. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 புரதம் உடலில் சுரக்காததுதான் இந்த நோய். சின்னதா அடிபட்டாலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். வாழ்நாள் முழுக்க ஊசி போட வேண்டும்.

அந்த 5 பேரின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ஃபேக்டர் 8 ஜீனைச் சேர்த்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தினார்கள். அதன் பிறகு, 5 பேரையும் சேர்த்து மொத்தம் 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்குக்கூட ரத்தக்கசிவு ஏற்படவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1980-களில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு, அவர்கள் உயிர் பிழைக்கப் போட்ட ஃபேக்டர் மருந்து வழியாகவே எச்.ஐ.வி தொற்றியது. அன்று அந்த நோயாளிகளைக் கொன்ற வைரஸின் கூடுதான் இன்று அதே நோய்க்கு மருந்தைச் சுமக்கிறது.

ரிஸ்க் இல்லையா?

இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில், அடினோ வைரஸ் செலுத்தப்பட்ட 18 வயது இளைஞர் உயிரிழந்தார். பிரான்ஸில் பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாட்டுக்கு ஜீன் தெரபி பெற்ற குழந்தைகளில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. புதிய ஜீன் தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதுதான் காரணம்.

லென்டி வைரஸ் அதைவிடப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஆனாலும் மூளையைப் பாதிக்கும் ஒரு அரிய நோய்க்காகக் கொடுக்கப்பட்ட லென்டி வைரஸ் சிகிச்சையில், 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-ல் ஆய்வு வெளியானது. எனவே வேலூர் முடிவு பெரிய நம்பிக்கை தந்தாலும், 5 பேரை வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

உண்மையான சிக்கல்: விலை

ஹீமோஃபிலியா ஏ-வுக்கு 2023-ல் அமெரிக்கா அங்கீகரித்த ஏ.ஏ.வி வகை மருந்தின் அறிமுக விலை 29 லட்சம் டாலர். சோல்ஜென்ஸ்மா 2019-ல் அறிமுகமானபோது 21 லட்சம் டாலர். இந்தியாவில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கைப்படி ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் அதிகபட்ச உதவி 50 லட்சம் ரூபாய். மீதிக்குத்தான் குழந்தையின் போட்டோவோடு வாட்ஸ்அப்பில் நிதி கேட்டு மெசேஜ் வருகிறது.

விலை இவ்வளவு ஏன்? ஒரு முக்கியக் காரணம், வண்டியைத் தயாரிப்பதே கஷ்டம். வைரஸ் வெக்டாரை ரசாயன மருந்து போலக் கலந்து செய்ய முடியாது. உயிருள்ள செல்களை வளர்த்து, அவற்றுக்குள் உருவாக்கி, சுத்திகரித்து, ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்கேற்ற ஆலைகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் குறைவு.

உள்நாட்டிலேயே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை சாட்சி. ஐ.ஐ.டி பாம்பேயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதுவும் லென்டி வைரஸ் வண்டியில் போகும் சிகிச்சைதான். செலவு, வெளிநாட்டில் ஆவதில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

திருமணி சொல்லும் பாடம்

எச்.எல்.எல் பயோடெக் நிறுவனத்தின் திருமணி வளாகத்துக்கு 2012-ல் 594 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2021 மே மாதம், இரண்டாம் அலையில் தடுப்பூசிக்கு நாடே தவித்தபோதும் அங்கே கொரோனா தடுப்பூசி உற்பத்தி தொடங்கவில்லை. அந்த மாதம் வளாகத்தை நேரில் பார்வையிட்ட முதல்வர் மு.க.ஸ்டாலின், அதை மாநில அரசுக்குக் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சுமார் 700 கோடி ரூபாய் செலவான பிறகும் கூடுதல் நிதி இல்லாமல் வளாகம் முடங்கிக் கிடக்கிறது என்று அதில் சுட்டிக்காட்டினார்.

இந்த வளாகம் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. நாளைக்கே அங்கே ஜீன் தெரபி வெக்டார் செய்துவிட முடியாது. அதற்குத் தனி உற்பத்திப் பிரிவும் தனி அனுமதிகளும் வேண்டும். ஆனால் 2021 ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது. கட்டடம் இருந்தால் மட்டும் போதாது. ஆட்களும், இயங்கிக்கொண்டே இருக்கும் இயந்திரங்களும், ஒழுங்காக வரும் நிதியும் இல்லையென்றால், அவசரம் வரும்போது அதை ஒரே இரவில் எழுப்ப முடியாது.

இந்தியாவில் அந்த வைரஸை முதலில் கண்டறிந்தது தமிழ்நாட்டு மருத்துவர்கள். அதையே வண்டியாக்கி 5 பேரின் ரத்தக்கசிவை நிறுத்தியதும் தமிழ்நாட்டு மருத்துவமனை. அடுத்து அந்தச் சிகிச்சை ஆயிரம் பேருக்குப் போக வேண்டும் என்றால், வண்டியை யார் தயாரிப்பார்கள், எங்கே, என்ன விலைக்கு என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அதுவரை மூட்டு வீங்கிய மகனைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டர் ஊசிக்காக அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு, வேலூர் சாதனை ஒரு நல்ல செய்தி மட்டும்தான்.