குளிர் நமக்கு, அனல் யாருக்கு?

போன வருஷம் கத்திரி வெயிலில்தான் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. திண்டுக்கல் வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மலைக்கோட்டைப் பாறை மாதிரி பகலெல்லாம் மொட்டை மாடி காயும். ராத்திரி அந்தச் சூடு கட்டிலுக்கு இறங்கும். எண்பது வயது மாமனார் தூக்கமில்லாமல் தவித்ததைப் பார்க்க முடியாமல், தவணையில் 1.5 டன் ஏசி வாங்கினோம்.

மாட்ட வந்த தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, அவுட்டோரைச் சந்துலயே வச்சிரலாம். மூணு மீட்டர் காப்பர் பைப்புக்குள்ள வேலை முடிஞ்சிரும்" என்றார். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. செலவு மிச்சம் என்று சரி சொல்லிவிட்டோம். எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை.

மாமனார் அன்றைக்கு விடிய விடியத் தூங்கினார். ஆனால் தினமும் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே முருங்கைக்கீரை நீட்டும் பக்கத்து வீட்டு அப்பத்தாவை ஒரு வாரமாகக் காணோம். நானே போய்க் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல ஆத்தா? பகல்ல வானத்துல ஒரு சூரியன், ராத்திரி உங்க சுவத்துல ஒரு சூரியன்" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. அன்று ராத்திரி பத்து மணிக்கு அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது, சாத்தினால் புழுக்கம். அதோடு 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம். எங்கள் வீட்டுப் பெரியவர் தூங்குவதற்காக, இந்த வீட்டுப் பெரியவரின் தூக்கத்தைப் பறித்திருக்கிறோம்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால், அறைச் சூடு சுமார் 5 கிலோவாட், அது இழுக்கும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட், இரண்டும் சேர்ந்து அவுட்டோர் வழியாகத்தான் போக வேண்டும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் ஆறை ஒருவர் ஜன்னலுக்கு எதிரே சூடேற்றி வைத்த மாதிரி!

குறுகிய சந்தில் வைப்பதால் நமக்கும் நஷ்டம்தான். ஊதிய வெந்நீர்க்காற்று எதிர்ச் சுவரில் மோதி, அதே மிஷினுக்குள் திரும்பப் போகும். கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்கும். கரண்ட் பில் ஏறும்.

சத்தமும் அப்படித்தான். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். சந்தில் இரண்டு சுவரும் அதைத் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கவும் வழி உண்டு. பல அவுட்டோர்களின் சத்தம் பக்கத்தில் 50-ஐத் தாண்டும்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. குளிர்நாடான இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக்க இதே மாதிரி இயந்திரத்தை வெளியே வைக்கிறார்கள். அனுமதி வாங்காமல் வைக்க, பக்கத்து எல்லையிலிருந்து 1 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. 2025-ல் அந்த ஒரு மீட்டரை நீக்கினாலும், பக்கத்து வீட்டு ஜன்னலில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்ற கணக்கை விடவில்லை.

நாங்கள் அவுட்டோரை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். கேஸை அவுட்டோருக்குள்ளேயே அடக்கிக் கழற்றி, கூடுதல் பைப் போட்டு மாட்ட, சில ஆயிரம் செலவு. முதலிலேயே செய்திருந்தால் கூடுதல் பைப்புக்கான காசோடு போயிருக்கும்.

நீங்கள் மாட்டும்போது இதையெல்லாம் கவனியுங்கள்:

* ஃபேன் ஊதும் முகம் யார் ஜன்னலையும், நடைபாதையையும் பார்க்கக் கூடாது. மாடியோ, தெருப்பக்க உயரமோ நல்லது.

* பைப் எத்தனை மீட்டர் வரை போகலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது ஏசியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். மாட்டுபவரிடம் காட்டிக் கேளுங்கள்.

* இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஸ்டாண்டு அடிக்காதீர்கள். அதிர்வு அந்தப் பக்கம் கேட்கும். ஸ்டாண்டில் ரப்பர் வைக்கச் சொல்லுங்கள்.

* டிரெயின் தண்ணீர் அடுத்தவர் சுவரில் சொட்ட வேண்டாம். வாளியில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும்.

மாடிக்கு மாற்றிய மூன்றாம் நாள் காலை, சுவருக்கு மேலே முருங்கைக்கீரை வந்தது. "நல்லாத் தூங்குனேன் ஆத்தா" என்றார் அப்பத்தா.

ஏசி மாட்ட ஆள் வரும் அன்று, டிரில்லிங் மிஷினைச் சுவரில் வைக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "உங்க கட்டில் எந்தப் பக்கம் கிடக்குது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.